புறக்கணித்த காற்று

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் மகள் போனில் சொன்னாள். மகிழ்ச்சி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. உன் சோம்பல் எனக்குத் தெரியும்.

இங்கே ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது. வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

பேரன் பிளஸ் ஒன். இயற்பியலில் எறிபொருள் இயக்கம் என்ற பாடம் நடக்கிறதாம். கணக்குக்குக் கணக்கு 'காற்றுத் தடையைப் புறக்கணிக்க' என்று போட்டிருக்கிறது. நாம் படித்தபோதும் அப்படித்தான், சரி. ஆனால் புறக்கணித்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்வதில்லையே! பால்கனியில் உட்கார்ந்து, இந்த மழைக்கே போட்டுப் பாரடா என்றேன். இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து ஒரு துளி தடையில்லாமல் விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 198 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். குடையெல்லாம் சல்லடைதான். நிஜத்தில் பெரிய துளிகூட நொடிக்கு 9 மீட்டர் வாக்கில்தான் வருகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. அது துளியின் எடைக்குச் சமமானதும், அப்புறம் வேகம் ஏறாது. பையன் நம்பாமல் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான்.

நிலாவில் வேண்டுமானால் தாராளமாகப் புறக்கணிக்கலாம். 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட், சுத்தியலையும் வல்லூறின் இறகையும் அங்கே ஒன்றாகக் கைவிட்டார், சேர்ந்தே விழுந்தன.

புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதும் இதே கதைதான், எல்லா ஊருக்கும் பொதுவாக ஓர் எண். பூமி சுழல்வதாலும் நடுவில் பருத்திருப்பதாலும் சென்னைக்கு 9.78, துருவத்துக்கு 9.83. 1820-களின் தொடக்கத்திலேயே நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் வானியலாளர் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு, அது ஆடும் நேரத்தை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு வரி கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்று பேரன் சாதிக்கிறான். குண்டு எறிதலுக்கு அது பொருந்தாது, அதற்குக் காரணம் காற்றும் இல்லை என்றேன். விடுவது தலைக்கு மேல், விழுவது தரையில் என்பதால் கோணம் கொஞ்சம் தாழ வேண்டும். தவிர, மேல்நோக்கித் தள்ளத் தள்ளக் கையின் வேகம் குறைகிறது. அதனால் இன்னும் தாழ்கிறது. நல்ல வீரர்கள் பெரும்பாலும் 40-க்கும் கீழேதான் விடுகிறார்கள். நான் சொன்னால் வாத்தியார் பேச்சு என்கிறான். காலேஜில் மெடல் வாங்கியவன் நீ. பொங்கலுக்கு வரும்போது கிரவுண்டுக்குக் கூட்டிப்போய் எறிந்து காட்டு. கண் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அன்புடன்,
ராகவன்