இருமலைப் பனியின் கணக்கில் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கோத்தகிரிப் பக்கம் யாராவது இருமினால் பனி என்போம். இல்லையென்றால் விறகடுப்புப் புகை என்போம். போன மார்கழியில் என் மனைவிக்கு மூன்று வாரமாக இருமல் நிற்காததால் தனியார் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். ஓர் ஊசி, சிறு காகித உறையில் மூன்று நிற மாத்திரைகள், ஒரு சிரப் ஆகியவற்றுடன் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தோம். எத்தனை நாளாக இருமல், மாலையில் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா என்று எதையும் அவர் கேட்கவில்லை. பின்னர் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை என்பது நாடு முழுவதற்குமான விதி.

இப்படி எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதை மருந்துச் சீட்டுகளைப் புரட்டி அறிய முடியாது. வந்தவருக்கு உண்மையில் என்ன நோய் என்பது சீட்டில் இருப்பதில்லை. மருத்துவரிடமே கேட்டால் பாடத்தில் உள்ளபடி சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவேதான், சாதாரண மனிதர்களுக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து அனுப்பும் முறை வந்தது. எல்லா மருத்துவரிடமும் அவர்கள் ஒரே வாக்கியத்தில் பேச்சைத் தொடங்குவார்கள், கேட்டதற்கு மட்டும் மனப்பாடமான பதிலைச் சொல்வார்கள், வெளியே வந்த கையோடு நடந்ததைப் படிவத்தில் நிரப்புவார்கள். நோய் முன்பே முடிவானது என்பதால் சரியான சிகிச்சை எது என்பதில் சந்தேகமே எழாது. டெல்லியில் இவ்வாறு நடந்த 250 சந்திப்புகளில் 21 விழுக்காடுதான் சரியாகக் கையாளப்பட்டன. 2014-15இல் மும்பையிலும் பாட்னாவிலும் தனியார் மருத்துவர்களிடம் நடந்த பெரிய ஆய்விலும் சரியாகக் கையாளப்பட்டவை மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின, அவ்வளவுதான். இதே முறையில் மருந்துக் கடைகளில் நடத்திய ஆய்வில் ஒரு கடையும் காசநோய்க்கு முதலில் தரப்படும் மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் தன்னிச்சையாக எடுத்துக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறை காண்பதற்கு மட்டுமே உரிய முறை அன்று இது.

நீலகிரியில் இதை நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. பெருநகரத்தில் புதுமுகம் கூட்டத்தில் கரைந்துவிடும், இங்கே பேருந்திலிருந்து இறங்கும்போதே "யார் வீட்டுக்கு?" என்று கேட்டுவிடுவார்கள். எனவே கூடலூருக்குக் குந்தாவிலிருந்தும், கோத்தகிரிக்குப் பந்தலூரிலிருந்தும் ஆள் தேர்ந்தெடுத்து, தோட்ட வேலைக்கு வந்தவர் என்பதுபோல் நம்பத்தக்க காரணம் ஒன்றையும் அமைத்துக்கொடுக்க வேண்டும். ஊசியை நயமாக மறுக்கவும் அவர்களுக்குப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒருநாள் வருவார்கள் என்று மருத்துவர்களிடம் முன்பே ஒப்புதல் பெற்று, பெயர்களை வெளியிடாமல், அவரவர் முடிவை அவரவருக்கு மட்டும் தெரிவிக்கலாம். உதகை அரசு மருத்துவக் கல்லூரி இதை அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி.