ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட்டர் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, ரங்கூனிலிருந்து வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் எங்களுக்கு வரும் போன்களில் பல ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, சாவியைத் திருப்பினா டிக்குனு சத்தம் மட்டும் வருது. ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் பஸ்ஸில போட்டு விடுங்க." சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரைத்தான் ஸ்டார்ட்டர் என்கிறோம். கேட்டதும் அனுப்பிவிட்டால் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பல நேரம் மோட்டார் காரணமே இல்லை. வேண்டாத பொருளுக்கு நீங்கள் பணம் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு கிடையாது.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது 9.6-க்கும் கீழே இறங்கினால் பேட்டரிதான் ஓய்ந்திருக்கிறது. அடுத்து, பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினல். இந்த ஈரக்காற்றில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு மாவு பூத்துவிடும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள். எஞ்சின் உடம்பில் மாட்டியிருக்கும் எர்த் வயரை மறந்துவிடாதீர்கள், அங்கேயும் துரு ஏறும். இவை எல்லாம் சரியாக இருந்தும் டிக் சத்தம் மட்டும் வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரிலே, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். அது மோட்டாரைவிட மிகவும் மலிவு.

மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் பினியன் (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ரிங் கியரை (எஞ்சின் பக்கம் உள்ள பெரிய பல்வளையம்) பிடிக்கவில்லை என்று அர்த்தம். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பிளக்குக்குப் பொறி போகாமல் நிறுத்தும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு.

சரி, மோட்டார்தான் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. இப்போது ஜெனரேட்டரின் பெயரைச் சொல்லாதீர்கள். பெட்டியில் ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு. எஞ்சினின் மாடல் எண்ணைச் சொல்லுங்கள். சீன எஞ்சின்களில் 168எஃப், 188எஃப் என்று இருக்கும். முதல் 1 ஒற்றை சிலிண்டரையும், அடுத்த இரண்டு இலக்கம் சிலிண்டரின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் காட்டும். ஹோண்டா ஜிஎக்ஸ் 390-இன் விட்டமும் 88 மி.மீ. என்பதால், 188எஃப் அதன் அச்சில் வந்தது என்று சொல்லலாம். அதற்காக எண் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய மோட்டாரைக் கழற்றி, பினியன் பற்களை எண்ணி, இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பார்த்து, படத்தோடு அனுப்புங்கள். கூடவே எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரையும் கையால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் பற்கள் மழுங்கியிருந்தால் புது மோட்டாரின் பினியனையும் அது தின்றுவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மூலம் பொருள் வரவழைப்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி தள்ளும் மெஷின் எஞ்சின்களுக்கு விற்கும் ஸ்டார்ட்டர் பார்வைக்கு நம்முடையது போலவே இருக்கும், விலையும் ஆசை காட்டும். வாங்காதீர்கள். அந்த மெஷின்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. வீட்டு 120 வோல்ட் கரண்டில் வயரைச் சொருகித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகினால் காயில் எரிந்துவிடும். எரியாவிட்டாலும் என்ன பயன்? கரண்ட் போன நேரத்தில்தானே நமக்கு ஜெனரேட்டரே வேண்டும்!

கயிறு இழுக்கும் எஞ்சினைச் சாவிக்கு மாற்ற விரும்புகிறவர்கள் மோட்டாரோடு நிறுத்த முடியாது. ரிங் கியர் உள்ள ஃப்ளைவீல், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் காயில், அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையர், ரிலே, சாவி, பேட்டரி எல்லாமே வேண்டும். எஞ்சின் பிளாக்கில் மோட்டார் உட்காரத் துளை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

புது மோட்டார் போட்டபின் ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். பற்றவில்லை என்றால் 10 விநாடியாவது விட்டு, மறுபடி திருப்புங்கள்.

எங்களிடம் வாங்கியது பொருந்தவில்லை என்றால், பினியனில் கீறல் விழாதவரை மாற்றித் தருகிறோம். போல்ட் முடுக்கும் முன்பே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்