தும்பிக்கையாகக் கை கொடுத்த அக்காவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் கதை நேரம். படத்தைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் சிரிக்க, பார்வையில்லாத என் மகள் மட்டும் "என்னம்மா, என்னம்மா?" என்று என் சேலையை இழுத்தாள். பின்னால் இருந்த நீங்கள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் கையைப் பிடிக்கச் சொல்லி, யானைத் தும்பிக்கை மாதிரி மெல்ல ஆட்டினீர்கள். கதை முடியும்வரை ஒவ்வொரு படத்தையும் அவள் காதில் சொன்னீர்கள். பிறகு கீழே, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் பிரிவுக்கும் நீங்களே கூட்டிப்போனீர்கள். ஒற்றைப் புள்ளிதான் 'அ' என்பதை அங்கேதான் முதன்முதலாக விரலால் தடவித் தெரிந்துகொண்டாள்.

வேறோர் இடத்தில் "இவளுக்கு என்ன புரியும்?" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாங்கள். அன்று நீங்கள் தந்த சந்தோஷத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டில் இப்போது தினமும் என் கைதான் தும்பிக்கை. ரொம்ப நன்றிங்க, அக்கா.