பட்டச் சான்றிதழோடு பாடத்திட்டமும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.ஆர்க். எனும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு முயலும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் படும் அலைச்சலைத் தங்கள் நாளிதழ் வழியாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். என் மகள் ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் (கட்டடக்கலைஞர்) சட்டப்படி, இத்தொழிலுக்கான தேசிய அமைப்பான கட்டடக்கலை கவுன்சிலில் பதிவும் செய்தவள். ஆஸ்திரேலியா செல்ல அவள் முயலத் தொடங்கிப் பத்து மாதங்களாகின்றன. விண்ணப்பம் இன்னும் காவேரிப்பட்டணத்தை விட்டு நகரவில்லை.

அந்நாட்டில் திறன் அடிப்படையிலான விசா கேட்கும் ஆர்க்கிடெக்ட், தம் பட்டம் அங்குள்ள பட்டத்துக்கு ஈடானது என்ற மதிப்பீட்டை முதலில் பெற வேண்டும். பட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பெற முடியாது. எந்தப் பருவத்தில் என்ன படித்தாள், வடிவமைப்பு வகுப்பான ஸ்டூடியோவில் என்னென்ன வரைந்தாள் என்பதையெல்லாம் காட்டியாக வேண்டும். இதற்காகப் பத்துப் பருவங்களின் பாடத்திட்டத்தையும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையிட்டுத் தருமாறு, படித்த கல்லூரியில் கேட்டாள். பழைய பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும் என்றார்கள். அங்கே போனால், கல்லூரி முதல்வரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இதுவரை நான்கு முறை போய் வந்திருக்கிறோம்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். மதிப்பெண் பட்டியலில் என் பெயரின் முதலெழுத்து மட்டும் தலைப்பெழுத்தாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயரே அவளுடைய குடும்பப் பெயராகிவிட்டது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, ஒவ்வொரு ஆவணத்துடனும் இணைக்கிறோம். தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தால் இது எழுந்தே இருக்காது.

விசாவும் தொழில் அங்கீகாரமும் வேறு வேறு என்பதைப் படிக்கும் காலத்திலேயே பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். விசா கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஏஜெண்டுகள் சொல்வதை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் விசாவோடு இறங்கினாலும், வேலை செய்யும் மாநிலத்தின் வாரியத்தில் பதிவு பெறாமல் ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை வைக்க முடியாது. பிரிட்டனிலும் 1997-ஆம் ஆண்டின் சட்டம் அப்பெயரைப் பதிவு பெற்றவர்களுக்கே உரியதாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்கான வழக்கமான வழியில் 3,740 மணி நேரப் பணி அனுபவமும் ஆறு பகுதிகள் கொண்ட தேர்வும் உண்டு. அதுவரை உதவியாளர் நிலையில்தான் வேலை, அதற்கேற்பத்தான் சம்பளமும். இந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்கள்.

நம் நாட்டுச் சட்டத்திலேயே, பரஸ்பர அடிப்படையில் பட்டங்களை ஏற்றுக்கொள்வது பற்றி வெளிநாட்டு அமைப்புகளோடு கவுன்சில் பேச இடம் இருக்கிறது. அந்தப் பேச்சு எந்த நாட்டோடு எந்த நிலையில் உள்ளது என்பதை மாணவர்களுக்கு எளிய தமிழில் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

அந்தப் பேச்சுகள் முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். பாடத்திட்ட நகல் கொடுக்க அவ்வளவு காலம் தேவையில்லை. பட்டமளிப்பு நாளிலேயே முத்திரையிட்ட பாடத்திட்டத்தையும் பருவவாரியான மதிப்பெண் விவரத்தையும் ஒரே உறையில் வைத்துக் கொடுக்குமாறு உயர்கல்வித் துறை எல்லாக் கல்லூரிகளுக்கும் உத்தரவிட வேண்டும். ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் சென்னைக்கு அலையாமல் தபாலிலேயே இவற்றைப் பெற வழி செய்ய வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் மாதம் ஒரு நாளாவது, இந்த விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.