பேனரில் தேதியைத் தேட வேண்டியிருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசமோ அன்னதானமோ, எதுவானாலும் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பேனர் கட்டிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பாதி இடத்தைப் பிரமுகர்களின் முகங்களும் கும்பிடும் கைகளும் பிடித்துக்கொள்கின்றன. நாள், நேரம், இடம் எல்லாம் அடியில் ஓர் ஓரமாக, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒண்டிக் கிடக்கின்றன. அங்குள்ள லெபோ பசார் தெருவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் அதை எப்படிப் படிப்பார்?

அதைவிடக் கொடுமை உடைந்த தமிழ். 'பெ' என்று போட்டால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கோயில்' என்று எழுதினால் 'க'வுக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று முளைக்கிறது. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாதது குற்றமில்லை. பல அச்சகங்களில் சீனரோ மலாய்க்காரரோதான் அந்த வேலையைப் பார்க்கிறார். யூனிகோட் எழுத்துருவை எடுத்துக்கொண்டு, ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வடிவமைப்பு மென்பொருளைத் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்புக்கு மாற்றிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில் இந்த நிலைமை!

அச்சுக்குப் போகுமுன் மாதிரியை வாட்ஸ்அப்பில் வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் சரிபார்க்கக் கோயில் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யட்டும். நன்கொடையாளர் படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேதி அதைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு