கயலுக்கு, காலமும் வேலையும் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்தேன். இரண்டு ஆள் கணக்கென்றால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து முடித்துவிடுகிறாய். மூன்றாவது ஆள் வந்தாலோ, ஒருவர் பாதியில் போனாலோ பேனா நின்றுவிடுகிறது. குரூப் 4-இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

சூத்திரத்தை ஓரமாக வை. கொடுத்த நாட்களுக்கு மீ.சி.ம (அவை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்) எடுத்து, அதையே மொத்த வேலை என்று வைத்துக்கொள். பின்னமே வராது.

அ தனியாக 10 நாள், ஆ 15 நாள். இ-யும் சேர்ந்து மூவரும் 5 நாளில் முடிக்கிறார்கள். கூலி 9,000 ரூபாய், இ-யின் பங்கு என்ன? மீ.சி.ம 30. முப்பது வரி செங்கல் சுவர் என்று நினை. அ நாளுக்கு 3 வரி, ஆ 2 வரி. ஐந்து நாளில் முடிந்ததால் மூவரும் சேர்ந்து நாளுக்கு 6 வரி. அப்போது இ கட்டியது நாளுக்கு 1 வரி. ஆறில் ஒரு பங்கு, 1,500 ரூபாய்.

(அப்பா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரே சாரத்தில் மூன்று கொத்தனார் ஏறினால் சித்தாள் கலவை தூக்கும் வேகம்தான் வேலையின் வேகமாம். உண்மைதான். ஆனால் பரீட்சையில் யாரும் டீ குடிக்கப் போவதில்லை.)

நாட்களைக் கூட்டாதே, ஒரு நாள் வேலையைக் கூட்டு. பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு தொட்டிக் கணக்கு உண்டு. நான்கு ஊற்றுகள் தனித்தனியே 1 நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாளில் நிரப்பும். ஒரு நாள் முழுக்க ஓடினால் 1, 2, 3, 6 தொட்டி, கூட்டினால் 12. நான்கையும் திறந்தால் பன்னிரண்டில் ஒரு நாள், அதாவது இரண்டு மணி நேரம்.

பாதியில் போகிறவர் கணக்கில்தான் நீ அதிகம் தடுமாறியிருக்கிறாய். அ 12 நாள், ஆ 24 நாள். சேர்ந்து ஆரம்பித்து, முடிய 3 நாள் இருக்கும்போது ஆ கிளம்பிவிடுகிறார். மொத்த வேலை 24, அ நாளுக்கு 2, ஆ 1. ஆ போகவே இல்லை என்று வைத்துக்கொள். அந்த 3 நாளில் அவர் 3 அதிகம் செய்திருப்பார். 24-உடன் சேர்த்தால் 27. இருவரும் சேர்ந்து நாளுக்கு 3, ஆக 9 நாள். சரிபார்க்கிறாயா? அ ஒன்பது நாளில் 18, ஆ ஆறு நாளில் 6.

இன்று ராத்திரி இதைப் போட்டு அனுப்பு கண்ணு: அ, ஆ சேர்ந்தால் 10 நாள், ஆ, இ சேர்ந்தால் 12, இ, அ சேர்ந்தால் 15. மூவரும் சேர்ந்தால்? நாலு நாள் என்று வந்தால் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை கூட்டியிருக்கிறாய், கூட்டி வந்த ஒரு நாள் வேலையைப் பாதியாக்கு, நாளை அல்ல.

அம்மா