"சிஸ்டம் எடுக்குதில்லை" என்பது ஒரு பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டுப் போகிறவர்களுக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் சரி, அம்பாறைக் கரையோரத்திலும் சரி, அடிக்கடி கிடைக்கும் பதில் "சிஸ்டம் எடுக்குதில்லை" என்பதுதான். சொல்கிற உத்தியோகத்தரைக் குறை சொல்வதில் பயனில்லை. திரையில் தெரிவதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த வசனத்தில் எழுவாயைக் கவனியுங்கள். எடுக்காமல் விட்டது யார்?

சிஸ்டம் உண்மையில் செய்வது என்னவென்று முதலில் பார்ப்போம். 2022 இல் விண்ணப்பங்கள் கோரப்பட்டன. பிறகு கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்த் தகவல் பதிந்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என 6 துறைகளில் 22 குறிகாட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை. அவற்றைக் கூட்டினால் குடும்பத்துக்கு ஒரு புள்ளி வரும். புள்ளிப்படி வரிசைப்படுத்தி, வரிசையின் குறுக்கே கோடு கிழிப்பார்கள். செயற்கை நுண்ணறிவு என்று பயப்பட இதில் எதுவுமில்லை. சாதாரண தரத்துக் கணிதம் தெரிந்தவர் கடதாசியிலேயே போட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? 2023 ஜூலையில் திட்டம் தொடங்கியபோது மிக வறிய 4 லட்சம் குடும்பங்களுக்கு 15,000 ரூபாய், வறிய 8 லட்சத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய 4 லட்சத்துக்கு 5,000, நிலைமாறும் கட்டத்திலுள்ள 4 லட்சத்துக்கு 2,500 என்று ஒதுக்கப்பட்டது. தொகைகள் பின்னர் மாறின. ஆனால் எந்த நாட்டிலும் வறுமை இப்படிச் சரியாக 4, 8, 4, 4 லட்சத்தில் வந்து நிற்பதில்லை. இவை எண்ணிக் கண்ட தொகைகளல்ல, திறைசேரியைப் பார்த்து வைத்த தொகைகள். பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால் அப்படி ஓர் எல்லை வைப்பதில் குற்றமில்லை. ஆனால் 20 லட்சத்து ஓராவது குடும்பத்தை வெளியே நிறுத்தியது ஓர் அரசியல் முடிவு. அதை அரசியல்வாதிகள்தான் வந்து விளக்க வேண்டும்.

குறிகாட்டிகளும் அப்படித்தான். எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். நம் மாவட்டங்களில் அது எங்கே வழுக்கும் என்பது இங்கு வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் கொட்டில் போட்டு இருப்பது மட்டக்களப்புத் தேசத்தின் பழைய வழமை. உலை இரண்டு, மின்மானி ஒன்று. இரண்டு வீட்டு மின்பாவனையும் ஒரே பட்டியலில் வரும். கணக்கெடுப்பாளர் "ஒரே வளவு, ஒரே குடும்பம்" என்று பதிந்தால் மகளின் மோட்டார் சைக்கிள் கிழவியின் சொத்தாகிவிடும். சுனாமி வீடுகளைப் பாருங்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு கரையோரம் எங்கும் உதவிப் பணத்தில் கல்வீடும் மலசலகூடமும் கட்டிக் கொடுத்தார்கள். சுவரும் கூரையும் நல்ல நிலை என்று பதியப்படும். அதற்குள் அடுப்பு எரிகிறதா என்பது சுவரில் தெரியாது. மானாவாரி வயலில் கூலிக்குப் போகிறவரிடம் மாத வருமானம் கேட்டால், மாசியில் ஒரு பதில், ஐப்பசியில் வேறு பதில். இரண்டும் உண்மை.

இந்தக் கடைசி விடயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அவுஸ்திரேலியாவில் 2016 முதல் 2019 வரை நலன்புரிக் கொடுப்பனவு பெற்றவர்களுக்கு எதிராக இதே பிழை இயந்திர வேகத்தில் நடந்தது. வரித் திணைக்களத்திடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு உழைத்திருக்கிறார் என்று கொண்டு, கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் அனுப்பினார்கள். நாலு மாதம் வேலை, எட்டு மாதம் சும்மா என்று இருந்தவர்களில் பலர் கடனாளியானார்கள். கடனில்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 2019 நவம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தில் அந்த முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஆனது. 2023 ஜூலையில் வந்த அரச ஆணைக்குழு அறிக்கை கணினியைக் குறை கூறவில்லை, அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் பெயர் சொல்லிக் கண்டித்தது.

1980 இல் டெனிஸ் தொம்சன் என்ற அரசியல் கோட்பாட்டாளர் இதைப் "பல கைகளின் சிக்கல்" என்றார். ஒரு முடிவில் எத்தனையோ பேர் கை வைக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தன் பங்கு சிறிதாகத் தெரிகிறது, கடைசியில் ஒருவரும் பொறுப்பாளியில்லை. அதற்கும் முன்பே ஹன்னா ஆரெண்ட் அலுவலக ஆட்சியை "எவருமில்லாத ஆட்சி" என்று வர்ணித்தார். எதிரே கேள்வி கேட்க ஆள் இல்லாததால் அதுவே கொடுங்கோன்மைகளில் மோசமானதாகலாம் என்பது அவர் வாதம். தானே கற்றுக்கொள்ளும் இயந்திரங்களால் பொறுப்பில் ஒரு வெற்றிடம் விழுகிறது என்று 2004 இல் அண்ட்ரியாஸ் மத்தியாஸ் எழுதினார். அது சிந்திக்க வேண்டிய விடயம். ஆனால் நமது 22 குறிகாட்டிகளுக்கு அது பொருந்தாது. இங்கே இயந்திரம் எதையும் கற்கவில்லை, சொன்னதைக் கூட்டிக் கொடுக்கிறது. வெற்றிடம் ஒன்றுமில்லை, ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணில் படும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தின் பட்டியலுக்கே திரும்பலாம் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. பட்டியலில் அரசியல்வாதியின் கை விழுகிறது என்பதற்காகத்தான் புள்ளி முறையே வந்தது. நமக்கு வேறொரு முன்மாதிரி வீட்டு வாசலில் இருக்கிறது: வேளாண்மை ஆரம்பக் கூட்டம். உன்னிச்சையிலோ நவகிரியிலோ சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு எப்போது முடிய வேண்டும், மாடுகளை எப்போது வெளியேற்றுவது எல்லாம் அங்கே முகத்துக்கு முகம் தீர்மானமாகிப் பதிவாகிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பதைக் கருவி சொல்லும். அந்தத் தண்ணீருக்கு எந்த வயற்கண்டத்தை விதைக்க விடுவது என்பதைக் கருவி சொல்வதில்லை. பிழைத்தால் யாரிடம் போக வேண்டும் என்பது வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைக்கும் தெரியும், வயல்காரனுக்கும் தெரியும். குறிகாட்டிகளையும் நிறைகளையும் இப்படிப் பகிரங்கமாக விவாதிக்கலாம். குடும்பங்களின் விபரங்களைச் சபையில் போட வேண்டியதில்லை. வறுமையை ஊர் நடுவில் எண்ணுவது இன்னொரு கொடுமை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்த முடிவை எடுத்த உத்தியோகத்தர் காரணம் கூற வேண்டும் என்கிறது. முடிவெடுத்தவர் ஒரு மனிதர் என்பதைச் சட்டமே எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். "எனக்கு ஏன் இல்லை" என்று மட்டும் கேட்டால் "தகுதியில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனவே என் குடும்பத்துக்கு 22 குறிகாட்டிகளிலும் பதியப்பட்டது என்ன, கிடைத்த புள்ளி எவ்வளவு, வெட்டுப்புள்ளி எவ்வளவு, அங்கீகரித்தவர் என்ன பதவி வகிப்பவர் என்று பிரித்துக் கேளுங்கள். கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வர வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்குப் பிறகு 2 மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். "எல்லாம் கொழும்பில்" என்றால் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபைக்கு அதே கடிதம். முதலில் பதிவைப் பெறுவது முக்கியம். பதிவில் எது பிழை என்று தெரியாமல் போடுகிற மேன்முறையீடு அதே தகவலோடு அதே சூத்திரத்துக்குள் போய் அதே புள்ளியோடு திரும்பும்.

இயந்திரத்தால் மட்டும் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவிலும் இருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்தள்ளப்பட்டன. ஏன் என்று கேட்பது நம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களின் வேலை.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிதல்ல. நிராகரிப்பு அறிவித்தலிலேயே பதியப்பட்ட 22 விபரங்களையும் தமிழில் அச்சிடுங்கள். களத்தில் நேரே பார்த்த உத்தியோகத்தர் காரணத்தை எழுதிப் புள்ளியைத் திருத்தப் பரிந்துரைக்க இடம் கொடுங்கள். அடியில் ஒரு பெயர், பதவி, கையொப்பம் இருக்கட்டும். அங்கே கிராம உத்தியோகத்தரைக் கையொப்பமிட வைத்துத் தப்பிக்க வேண்டாம். கோடு கிழித்தது அவரில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெல்லாவெளி.